பேர் வைத்த கோழிகள்

கருவேலங்குளத்தில் ஒரு வீட்டுப் பெண் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தால், கோவிலுக்கு மெழுகுதிரி எடுத்துப்போவதற்கும் முன்னால் ஒரு கோழியை அடை வைப்பார்கள். பழைய கூடையில் உமியும் மணலும் பரப்பி, இடி இடித்து முட்டை கூழாகிவிடாமல் இருக்க ஓரத்தில் ஓர் இரும்புத்துண்டையும் கரித்துண்டையும் செருகி, சுமக்கிறவளின் கையாலேயே முட்டைகளை எடுத்து வைக்கச் சொல்வார்கள், அவள் வயிற்றில் இருப்பது இறங்குகிற காலத்தில் கூடையில் பொரிந்தது கறிக்கு ஆகியிருக்கும், முதலில் சேவல்கள், பிறகு இன்னும் முட்டையிடத் தொடங்காத விடைக்கோழிகள், ஒவ்வொன்றாக அறுபட்டு மிளகும் பூண்டும் தட்டிப்போட்ட சாறாகி, பச்சை உடம்புக்காரியின் வயிற்றுக்குள் போய்ப் பாலாக ஊறி, பிள்ளையின் வாய்க்கு வந்துசேரும். இவற்றைப் பேறுகாலக் கோழிகள் என்பார்கள். விற்கமாட்டார்கள், விருந்தாளிக்கு அடிக்கமாட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிடவும் மாட்டார்கள்.

செலஸ்தினுக்கு இதில் கடைசி விதி தெரியாது. தாய் இல்லாத பிள்ளையென்று டவுன் கான்வென்ட் விடுதியில் வளர்ந்தவள்; அங்கே கோழி என்பது திருநாள் அன்று தட்டில் விழுகிற ஒரு துண்டு, அதற்குக் கழுத்து இருந்தது என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கன்னியாஸ்திரிகள் அவளுக்குத் தையலும் இங்கிலீஷ் இலக்கணமும் கற்றுக்கொடுத்தார்கள்; பூசையின் நடுவில் சாமியார் மூச்சுவிடாமல் சொல்லிப்போகிற, வேதத்துக்காக உயிரைவிட்ட பழைய வேதசாட்சிகளின் வரிசையை, லீனுஸ், கிளேத்து, கிளமெந்து என்று தொடங்கிப் பெலிசித்தா, பெர்பெத்துவா, ஆகத்தா, லூசியா, அனஸ்தாசியா என்று முடிகிற வரை மனப்பாடம் ஆக்கினார்கள்; சாகக்கிடக்கிற குழந்தைக்குச் சாமியார் வந்துசேர நேரமில்லையென்றால் யாரும் தண்ணீர் ஊற்றிப் பேர் வைக்கலாம் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். அதை அவள் ஒருமுறை செய்திருந்தாள். முதல் பிள்ளை, ஆண். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தம்ளர்த் தண்ணீரை அதன் நெற்றியில் ஊற்றிப் பேரைச் சொன்னாள். சொல்லி முடித்ததும், அந்தப் பேருக்காகவே காத்திருந்த வேறு யாரோ கூப்பிட்டதைப்போலப் பிள்ளை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பின் அந்தப் பேரை அவள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. பேர் வைத்ததால்தான் சாவுக்கு அடையாளம் தெரிந்தது என்று ஒரு பயம் அவளுக்குள் உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது வயிற்றில் தங்கியபோது, இதற்குப் பேரே வைப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டாள், அதைக் கணவன் சந்தியாகுவிடம்கூடச் சொல்லவில்லை.

நிறைமாதத்தில், ஊருக்குள் வெள்ளைக் கழிச்சல் வந்தது. ஒரு வீட்டுக் கோழி கழுத்தைத் தொங்கப்போட்டால் அடுத்த நாள் தெருவே கழுத்தைத் தொங்கப்போடும் சீக்கு அது. சந்தியாகு கொத்து வேலைக்குப் போயிருந்தான், அவனுடைய அண்ணன் மனைவி மதலைமேரி, முற்றத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறவள், செத்த தன் கோழிகளைக் குழி தோண்டிப் புதைக்கப் போயிருந்தாள், வெயில் ஏறிய முற்றத்தில் செலஸ்தின் தனியாக நின்று தன்னுடைய பேறுகாலக் கோழிகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடுவதைப் பார்த்தாள். பயத்தில் கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. செம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். பிதா சுதன் என்கிற வார்த்தைகளைச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை, கோழிக்கு அது பாவம். தண்ணீரைத் தலையில் விட்டாள், அந்த வரிசையிலிருந்து வாயில் வந்த பேரைச் சொன்னாள், முதல் பிள்ளையிடம் சொல்ல நேரமில்லாமல் போன ஒரு வார்த்தையைப் பின்னால் சேர்த்தாள். கிளேத்து, போகாதே. ஆகத்தா, போகாதே. லூசியா, போகாதே. பெலிசித்தா, போகாதே.

கோழிகள் கழுத்தை நிமிர்த்தின.

அன்று ஊரில் தேறி எழுந்தவை இவை மட்டும்தான் என்று கேள்விப்பட்டதும், உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த கோழிகளை மற்றவர்களும் முந்தானையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் மறுக்கவில்லை. வரிசையில் பேர் தீர்ந்ததும் தன்னோடு படித்தவர்களின் பேர்களை வைத்தாள், அதுவும் தீர்ந்ததும் விடுதியில் சோறு பொங்கிப்போட்டவர்களின் பேர்களை வைத்தாள். பேர் வைக்கப்படாத கோழி ஒன்றுகூட அந்தக் கழிச்சலில் தப்பவில்லை.

அவளுக்குப் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, முதல் சாற்றுக்காகச் சந்தியாகு சேவலைப் பிடித்தான். இறக்கைகளை ஒரு காலாலும் கால்களை மறு காலாலும் மிதித்துக்கொண்டு, கழுத்தின் பூ மயிரைப் பிய்த்துவிட்டுக் கத்தியை வைத்து இழுத்தான். தண்ணீரில் கோடு கிழித்ததைப்போலக் கத்தி போன வழியெல்லாம் பின்னாலேயே மூடிக்கொண்டது.

"கத்தி மழுங்கிருச்சு மதினி."

"ஒன் கைதான் மழுங்கிருச்சு கொழுந்தனாரே. கொண்டா இப்படி," என்று மதலைமேரி வாங்கினாள். ஊரில் எந்தத் திருமணத்துக்கும் கறி உரிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் அறுத்தாள், மூடியது. கல்லில் தீட்டி அறுத்தாள், மூடியது. கழுத்தைத் திருகினாள், அது திரும்பி வந்து அவளைப் பார்த்தது. இதெல்லாம் கண்ணுக்குத்தான், உயிர் போயிருக்கும் என்று அடம்பிடித்து, கொதிக்கவிடாமல் பதமாகச் சுட்ட வெந்நீரில் சேவலை முக்கி எடுத்து, சிறகு, வால், நெஞ்சு என்று வழக்கமான வரிசையில் பிடுங்கி முடித்து, வாட்டுவதற்குப் பனையோலையைக் கொளுத்தத் திரும்பினாள். சேவல் முறத்திலிருந்து எழுந்து, அம்மணமாக முற்றத்தில் இறங்கி, சிந்திக்கிடந்த நொய்யைக் கொத்த ஆரம்பித்தது.

மதலைமேரி ஓலையைக் கீழே போட்டாள். "செலஸ்து, என்னடி பண்ணுன இதுகள?"

"பேர் வெச்சேங்க்கா."

"கோழிக்கா?"

"தலை தொங்கிக் கெடந்துச்சு. தண்ணி ஊத்திப் பேரச் சொல்லி, போகாதன்னேன்."

"அந்தா மேயிதே, அதுக்கு என்ன பேரு?"

"கிளேத்து."

மதலைமேரி கொஞ்ச நேரம் சேவலைப் பார்த்தாள். "ரோமாபுரிப் பாப்பாண்டவர் பேரு," என்றாள். "அதான் இம்புட்டுத் திமிரு."

பிறகு அடுத்த ஊர்க் கறிக்கடை பாவாவைக் கூட்டிவந்தார்கள், அவர் தன்னுடைய வார்த்தைகளைச் சொல்லித் தன்னுடைய கத்தியை வைத்துப் பார்த்துவிட்டு, கத்தியைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டு, "இத யாரோ கையப் புடிச்சு நிறுத்தியிருக்காங்க தம்பி, விடச் சொல்லுங்க," என்று சொல்லி டீகூடக் குடிக்காமல் போனார். உபதேசியார் சவரிராயன் வந்து, பிதா சுதன் சொல்லாததால் இது ஞானஸ்நானம் என்கிற தேவதிரவிய அனுமானம் ஆகாது, ஆகையால் பாவமும் ஆகாது, ஆனால் கோழிகளை வேதசாட்சிகளின் பேர் சொல்லி ஏசுவது குற்றம் என்று தீர்ப்புச் சொன்னார். பங்குச்சாமியார் பிரசங்கத்தில் கோழிகளைப் பற்றித் திருச்சபைக்குக் கருத்து ஒன்றும் இல்லை என்றார். அவ்வளவுதான், ஊர் அதைப் பழகிக்கொண்டது. கிளேத்துவுக்குக் குளிருமே என்று யாரோ ஒரு பழைய ரவிக்கையின் கையை வெட்டிச் சட்டை தைத்துப் போட்டார்கள். வழியை மறிக்கிற கோழியைச் சூ என்று விரட்ட வாய் வராமல், "ஆகத்தா, செத்த தள்ளிக்கம்மா," என்று சொல்லிக் கடந்தார்கள். கீரிகள் ஒன்றிரண்டு முறை கடித்துப் பார்த்துவிட்டு வேறு ஊருக்குப் போயின. திருவிழா வந்தது, கொடியேற்றினார்கள், சப்பரம் சுற்றியது, ஊருக்குப் பொதுவாகப் போடுகிற அசனச் சோற்றுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினார்கள், பந்தியில் உட்கார்ந்தவர்களைச் சுற்றி அறுக்க முடியாத கோழிகள் உலாவின, இலையில் விழுந்த பருக்கையைக் கொத்தின.

செலஸ்தினுக்குப் பால் ஊறவில்லை. கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தார்கள், பூண்டைச் சுட்டுக் கொடுத்தார்கள், டவுனிலிருந்து பிராய்லர் கோழி வாங்கி வந்து சாறு வைத்தார்கள், அது சட்டியில் தண்ணீராகவே கிடந்தது, அவள் வயிற்றிலும் தண்ணீராகவே கிடந்தது. உன் கையால் அடை வைத்ததுதான் உனக்குப் பால் ஆகும் என்று மதலைமேரி சொன்னாள், ஊரும் அதையே சொன்னது. பிள்ளையைப் பாப்பா என்றார்கள். பாப்பா அழவில்லை. பாலாடைச் சங்கில் மாவுப்பாலை விட்டால் பாதி உள்ளே போகும், பாதி கடைவாய் வழியாக வெளியே வரும். தொண்டை நனைகிற அளவுக்கு விழுங்கிவிட்டு, இந்த வீட்டுக்குள் வரலாமா வேண்டாமா என்று இன்னும் வாசலில் நின்று யோசிக்கிறதைப்போல மேலே பார்த்துக்கொண்டிருக்கும். அங்கன்வாடியில் துணித்தூளியில் போட்டு நிறுத்தார்கள். தராசு முள், பிறந்த அன்று நின்ற இடத்திலேயே நின்றது. அடுத்த முறையும் அங்கேயே நின்றது.

ஒவ்வொரு வாரமும் பூசை முடிந்து வருகிறபோது பெண்கள் அவளைச் சுற்றிக்கொள்வார்கள்.

"கோழிக்கெல்லாம் வெச்ச கை, சொந்தப் புள்ளைக்கு மட்டும் ஏன் மாட்டேங்குது?"

"பேரச் சொல்லி, போகாதன்னு ஒரு வார்த்த சொல்லிரு செலஸ்து. புள்ள எங்கயும் போகாது."

"நம்ம சேவலப் பாத்தீல்ல, தோல உரிச்சாலும் நிக்கிது."

அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நடப்பாள். ஆனால் அந்த வார்த்தை அவள் நாக்கின் அடியில் ஒரு புளியங்கொட்டையைப்போல எப்போதும் கிடந்தது. எளிது. ஒரு செம்புத் தண்ணீர், ஒரு பேர், ஒரு வார்த்தை. எந்தக் காய்ச்சலும் தொடாது, கிணறு தொடாது, பாம்பு தொடாது. தண்ணீரை மொண்டு பிள்ளையின் தலைமாட்டில் வைத்துவிட்டு, பிறகு அதை முருங்கைக்கு ஊற்றிவிட்டு வந்த நாட்கள் பல. எது தன்னைத் தடுக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை, முதல் பிள்ளை முகத்தைத் திருப்பியது மட்டும் நினைவுக்கு வந்தது.

தெரிய வைத்தவள் அந்தோணியம்மாள். மேலத்தெருவிலிருந்து ஒரு கூடையைக் கோழியோடு இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கினாள். கழிச்சலில் செலஸ்தின் பேர் வைத்த அடைக்கோழி அது.

"நீ பேர் வெச்ச அன்னைக்கு அடையில இருந்துச்சு. இன்னும் எந்திரிக்க மாட்டேங்குது," என்றாள். "முட்டையும் பொரிய மாட்டேங்குது. கூமுட்டையான்னு ஒண்ண ஒடச்சுப் பாத்தேன், உள்ள குஞ்சு அப்படியே இருக்கு, அழுகவும் இல்ல, வெளிய வரவும் இல்ல. இத வெச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது?"

"நம்ம வெடைக்கோழியும் அப்படித்தான்," என்றாள் மதலைமேரி, வெங்காயம் உரித்தபடி. "பிறகு இடும், பிறகு இடும்னு பாக்கேன், கொண்டை செவந்த மேனிக்கே நிக்கிது, முட்டையக் காணோம். இந்தப் பாப்பாண்டவருக்கு ஒரு மயிர் மொளச்சிருக்கா பாரு. சட்டைய அவுத்தா அன்னைக்குப் புடுங்குன மேனிதான்."

செலஸ்தின் கிளேத்துவைப் பிடித்துச் சட்டையை அவிழ்த்தாள். தோல் அன்று வெந்நீரிலிருந்து வந்த நிறத்திலேயே இருந்தது, ஒரு புள்ளி முளையில்லை. போகாதே என்று சொன்ன இடத்திலேயே எல்லாமும் நின்றுவிட்டிருந்தது. போவது மட்டும் நிற்கவில்லை, வருவதும் நின்றுவிட்டது, முளைப்பதும் இறங்குவதும் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருவதும் நின்றுவிட்டது. உள்ளே தொட்டிலில் பாப்பா மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால், தன் தலை நரைத்து முதுகு வளைந்த பிறகும், அங்கன்வாடி முள் அசையாத ஒரு பிள்ளைக்குத் தான் பாலாடையில் பால் விட்டுக்கொண்டு, அது கடைவாயில் வழிவதைத் துடைத்துக்கொண்டு இருந்திருப்போம் என்று அவள் கண்டாள். முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அரிவாமணையத் தீட்டிக் குடுங்க," என்றாள்.

"எதுக்கு?"

"சாறு வைக்க."

"ஒனக்கு ஈ அடிக்கவே கை வராது."

"நாந்தான போகாதன்னேன். நான் சொன்னாத்தான் போகும்."

மதலைமேரி அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அரிவாள்மணையை வைத்துவிட்டுக் கறிக்கத்தியைக் கல்லில் தீட்டினாள். அடுப்பில் வெந்நீரைப் போட்டாள். சந்தியாகு பிடித்துத் தருகிறேன் என்று வந்தான், வேண்டாம் என்று தலையாட்டினாள்.

பெலிசித்தாதான் அந்த விடைக்கோழி, செம்பட்டை நிறம், கழுத்தில் மட்டும் கருப்பு வளையம். செலஸ்தின் மடியில் உட்கார்ந்து பழகியது, கூப்பிட்டால் வரும். அன்றும் கூப்பிட்டதும் வந்தது. அதை இடுப்போடு அணைத்துக்கொண்டு குந்தினாள், இறக்கைகளைச் சேர்த்து ஒரு காலுக்கடியில் வைத்தாள், அது முரண்டு பிடிக்கவில்லை. அதன் நெஞ்சு அவளுடைய மறு பாதத்தின் மேல் துடித்தது. கழுத்தின் பூ மயிரைப் பிய்த்தாள். செம்பிலிருந்து தண்ணீரை அதன் தலையில் விட்டாள். வெயிலில் அதன் கண் ஒருமுறை கீழிருந்து மேலாக மூடித் திறந்தது.

"பெலிசித்தா," என்றாள். மறுபடி சொன்னாள். "பெலிசித்தா. பேர எங்கிட்டக் குடுத்துட்டு, போம்மா. நீ போ."

கத்தி இறங்கியது. மூடவில்லை. ரத்தம் சூடாக அவள் விரல்களுக்கிடையில் வழிந்து சாம்பல் போட்ட தட்டில் விழுந்தது, அந்தச் சூட்டை அவள் எதிர்பார்க்கவில்லை, வாயைக் கடித்துக்கொண்டு கையை எடுக்காமல் பிடித்திருந்தாள், பாதத்தின் மேல் துடிப்பு மெல்ல மெல்லக் குறைந்து நின்ற பிறகும் பிடித்திருந்தாள். பிறகு அவளே வெந்நீரில் முக்கினாள், அவளே பிடுங்கினாள், மதலைமேரி கொளுத்திப் பிடித்த ஓலைத் தீயில் திருப்பித் திருப்பி வாட்டி, மஞ்சள் பூசிக் கழுவி, மணையில் வைத்து வயிற்றைக் கீறினாள். ஈரலில் ஒட்டியிருந்த பித்தப்பையை உடையாமல் கிள்ளி எடுத்தாள். உள்ளே முதுகெலும்பை ஒட்டி முட்டைக் கருக்கள் கிடந்தன, இறங்கவேண்டிய பெரிய கரு முன்னால், அதற்குப் பின்னால் அதைவிடச் சிறியது, அதற்குப் பின்னால் மிளகளவு, கடுகளவு என்று ஒரு செபமாலையைப்போலக் கோத்துக்கொண்டு, அன்று முதல் காத்திருந்த அத்தனையும் மஞ்சளாக அவள் உள்ளங்கையில் வந்தன. அப்போதுதான் அழுதாள். சந்தியாகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கறிச்சட்டியில் ஒரு துளி விழாதபடி முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு அழுதபடியே மிச்சத்தையும் வெட்டி முடித்தாள்.

சாறு கொதித்த வாசனை தெருவுக்குப் போனது. கறி வேகிற வாசனையை மறந்திருந்த ஊர் வாசலில் வந்து நின்றது. யாரும் உள்ளே வரவில்லை. செலஸ்தின் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, மிளகு தொண்டையில் இறங்க இறங்கக் குடித்தாள், அடியில் கிடந்த கருக்களையும் தின்றாள். உச்சி வெயில் சாய்கிற நேரத்தில் இரண்டு மார்பும் கல்லாகக் கட்டி, ரவிக்கை நனைந்தது.

அவள் பாப்பாவைத் தொட்டிலிலிருந்து எடுத்தாள். செம்பில் மிச்சமிருந்த தண்ணீரில் விரலை நனைத்து அதன் நெற்றியில் வைத்தாள். இந்த முறை பிதா சுதன் பரிசுத்த ஆவி என்று முழுவதையும் சொன்னாள், சாமியார் கோபித்தால் கோபிக்கட்டும்.

"பெலிசித்தா," என்றாள்.

அடுத்த வார்த்தை நாக்கின் நுனிக்கு வந்தது. வாசலில் நின்ற பெண்கள் அதற்காகக் காத்திருந்தார்கள், சந்தியாகு காத்திருந்தான், அவளுடைய எலும்பெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்லி அவளை நெருக்கியது. பிள்ளையின் முகத்தையே பார்த்தாள், அது அந்தப் பக்கம் திரும்பிவிடுமோ, கூப்பிட்டது வேறு யார் காதிலாவது விழுந்திருக்குமோ என்று பார்த்தாள். வாயை இறுக மூடி வார்த்தையை விழுங்கினாள். அது கோழிக்கழுத்தின் எலும்பைப்போலக் கீறிக்கொண்டு இறங்கியது.

பெலிசித்தா முகத்தைத் திருப்பியது. இவள் பக்கம். வாயைத் திறந்து, ஊரில் அதுவரை யாரும் கேட்காத அந்தக் குரலில், பசித்த குரலில், கத்தியது; மார்பைக் கவ்விக்கொண்டது; இழுத்தது.

அதற்குப் பின் ஊரில் ஒவ்வொருவராக வந்தார்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்காரர்கள் தங்கள் கோழியோடு வந்து, பேரை வாங்கிப் பிள்ளைக்கு வைத்துக்கொண்டு, கோழியைச் சாற்றுக்குக் கொண்டுபோனார்கள். கருவேலங்குளத்துப் பிள்ளைகளுக்கு வேறு எந்த ஊரிலும் இல்லாத பழைய பேர்கள் வந்தது அப்படித்தான். அந்தோணியம்மாளின் அடைக்கோழியிடம் செலஸ்தின் போ என்று சொன்னதும் அது எழுந்து இரை தேடப் போனது, கூடைக்குள் ஓடு கீறுகிற சத்தம் கேட்டது. கிளேத்துவின் பேரை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவனுக்கும் போ என்று சொல்லிச் சட்டையைக் கழற்றிவிட்டாள், தோலில் புள்ளிபுள்ளியாக முளை கண்டது. மதலைமேரி அவனை அறுக்க மாட்டேன் என்றுவிட்டாள், அவ்வளவு பார்த்த பிறகு வாயில் வைக்க முடியாது என்றாள்.

ஆனால் அதெல்லாம் பின்னால். பேர் வைத்த மறுநாள் காலையில் செலஸ்தின் முற்றத்தில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குடிக்கிற வேகத்தில் பிள்ளை கையை விரித்து விரித்து அவள் மார்பைப் பிறாண்டியது. சுள்ளென்றது. குனிந்து பார்த்தாள். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் பார்த்த அளவிலேயே இருந்த நகங்கள் இரவில் வளர்ந்திருந்தன, மார்பின் மேல் மெல்லிய சிவப்பாக ஒரு கோடு விழுந்து, அதன் நுனியில் கடுகளவு ரத்தம் நின்றது.

மூடுகிறதா என்று பார்த்தாள். கோழிகள் சுற்றிலும் மேய்ந்தன, பால் இறங்குகிற சத்தம் பிள்ளையின் தொண்டையில் கேட்டது, வெயில் முருங்கையிலிருந்து தரைக்கு வந்தது. கோடு மூடவில்லை. எரிந்துகொண்டே இருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது, முன்னைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. பிள்ளையின் விரலைப் பிரித்து வாயில் வைத்து, வளர்ந்த நகத்தை நோகாமல் பல்லால் கடித்து எடுத்தாள்.